வாசகர் கேள்வி – பதில்: நான்கு தந்திக்காரர்

கேள்வி: என் மகன் கோவையில் மின்னணுப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், கல்லூரி இசைக்குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறான். ஆண்டு விழாவுக்கு நானும் போயிருந்தேன். பாடியவனுக்கும் மற்ற கிடார்க்காரனுக்கும் கைதட்டல் கிடைத்தது. இவன் வாசித்தது என் காதில் விழவே இல்லை. கேட்டால், க்வீன் குழுவின் ஜான் டீக்கனைப் பாருங்கள் என்கிறான். யார் அவர்? அந்தக் கருவியால் என்ன பயன்?
– வாசகி, பெருந்துறை

பதில்: அந்தக் கருவியைக் காதில் தேடாமல் நெஞ்சில் தேடிப் பாருங்கள், அம்மா. நம் பக்கத்துக் கோயில் நோன்பியில் துடும்பாட்டம் நடக்கும்போது பெரிய துடும்பு முரசின் அடி விலாவில் வந்து இடிக்கும். அதைத் தனியாக யாரும் கவனிப்பதில்லை, ஆனால் ஓர் அடி தவறினால் ஆடுகிறவர் அத்தனை பேருக்கும் கால் தடுமாறும். பேஸ் கிடாரின் நான்கு தந்திகளில் மிகத் தடித்தது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரண கிடாரின் தடித்த தந்தியைவிட அது ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். அரங்கின் ஒலிபெருக்கி சிறியதாக இருந்தால் அந்த ஒலி மேடையைத் தாண்டி வராது. ஆகவே, குற்றம் உங்கள் மகனுடையதாக இருக்க வேண்டியதில்லை. இளையராஜாவின் பழைய பாடல் ஒன்றை நல்ல ஹெட்ஃபோனில் போட்டு, பாடுகிறவரை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்; அவன் சொல்ல வருவது விளங்கிவிடும்.

ஜான் டீக்கன் 1951 ஆகஸ்ட் 19 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தவர். பதினொரு வயதில் தந்தையை இழந்தார். பள்ளி நாட்களில் நண்பர்களோடு தொடங்கிய சிறு குழுவில் முதலில் சாதாரண கிடார்தான் வாசித்தார். பிறகுதான் பேஸுக்கு மாறினார். 1969-இல் லண்டன் செல்சி கல்லூரியில் மின்னணுவியல் படிக்கச் சேர்ந்தார். பல பேஸ் கலைஞர்களை வைத்துப் பார்த்தும் ஒருவரும் நிலைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த க்வீன் என்ற ஆங்கில ராக் இசைக்குழு 1971-இன் தொடக்கத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது. வாசிப்பு ஒரு காரணம். அதிகம் பேசாத சுபாவமும், மின்கருவி பழுதானால் தானே சரிசெய்துவிடும் கைத்திறனும் மற்ற காரணங்கள். குழுவில் சேர்ந்த அதே ஆண்டில் முதல் வகுப்பில் பட்டமும் பெற்றுவிட்டார் என்பதை உங்கள் மகனிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அந்தக் குழுவில் நான்கு பேர்: சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, நம் நாட்டுப் பஞ்ச்கனியில் பள்ளிப்படிப்பு படித்த பாடகர் ஃப்ரெடி மெர்குரி, கிடார் வாசித்த பிரையன் மே, டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர், பிறகு இவர். நால்வரில் இளையவரும் கடைசியாக வந்தவரும் இவரே. பாட்டு எழுதத் தயங்கிக்கொண்டிருந்தவர், 1975-இல் திருமணமான தன் மனைவிக்காக 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' பாடலை எழுதினார். அதற்குத் தேவைப்பட்ட மின்பியானோவின் ஒலி ஃப்ரெடிக்குப் பிடிக்கவில்லை. எனவே இவரே அதை வாசித்துப் பதிவு செய்தார்.

அவருடைய கைவண்ணத்தை முழுமையாக அறிய 1980-இல் வந்த 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' பாடலைக் கேட்க வேண்டும். ஒரே சுரத்தை அழுத்தமாக மூன்று முறை தட்டிவிட்டு விரல் நின்றுவிடுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வேறு எந்தக் கருவியும் ஓடிவருவதில்லை. கேட்கிறவரின் கால் தானாக அந்த இடத்தில் தரையைத் தட்டுகிறது. ராக் குழுவுக்கு இது ஒவ்வாத நடன இசை என்ற தயக்கம் குழுவுக்குள்ளேயே இருந்தது. இதைத் தனிப்பாடலாக வெளியிடுங்கள் என்று வற்புறுத்தியவர் மைக்கேல் ஜாக்சன். வெளியிட்டதும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. மற்றவர்கள் இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் சுரங்களை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்திருந்ததே அவரது பெருமை என்பது என் கருத்து. வேகமாக விரலோட்டுகிறவர்களைக் கண்டு நீங்கள் மயங்க வேண்டாம்.

கேள்வி: குப்பையில் கிடந்த சர்க்யூட் பலகையை வைத்து ஜான் டீக்கன் ஆம்ப்ளிஃபயர் செய்தார் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: உண்மைதான். 1970-களின் தொடக்கத்தில் லண்டன் தெருவொன்றில், கழிவு கொட்டும் பெரிய தொட்டியில் ஒரு சர்க்யூட் பலகை ஒயர்களோடு கிடந்தது. அதை வீட்டுக்கு எடுத்துவந்து, புத்தக அலமாரியில் வைக்கும் அளவுள்ள ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியில் இயங்கச் செய்தார். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ அதில் ஒரு திருகுகூடக் கிடையாது. வேண்டிய உதிரிபாகம் கடையில் இல்லையென்றால் கோவை ஆவாரம்பாளையத்துப் பட்டறையில் லேத்தில் கடைந்து மாட்டிக்கொள்ளும் நம்மவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

வியப்பு அதற்குப் பின்னால் நடந்ததில்தான் இருக்கிறது. பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட அந்தப் பெட்டி, பிரையன் மேயின் கிடாரை இணைத்ததும், வயலினும் ஊதுகுழலும் கலந்தது போன்ற இழைவான ஒலியைத் தந்தது. அந்தக் கிடாரும், மே தன் தந்தையோடு சேர்ந்து, பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரத்தைச் செதுக்கி வீட்டிலேயே செய்தது. 1975-இல் வந்த 'குட் கம்பெனி' பாட்டில் ஒரு முழு ஜாஸ் வாத்தியக் குழு வாசிப்பதாகத் தோன்றும்; அத்தனையும் இந்தக் கிடாரையும் இந்தப் பெட்டியையும் கொண்டு ஒவ்வோர் இழையாகப் பதிவு செய்து அடுக்கியது. 'டீக்கி ஆம்ப்' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. செய்தவரின் பேஸைவிட அது நண்பரின் கிடாருக்கே அதிகம் உதவியது என்பதை நான் ரசித்துச் சொல்வேன்.

கேள்வி: இத்தனை புகழ் இருந்தும் நடுவயதிலேயே ஏன் ஒதுங்கினார்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஃப்ரெடி 1991 நவம்பர் 24 அன்று மறைந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் வெம்ப்ளி அரங்கில் நடந்த நினைவுக் கச்சேரியில் டீக்கன் வாசித்தார்; ஃப்ரெடி விட்டுச்சென்ற குரல் பதிவுகளைக் கொண்டு 1995-இல் வெளிவந்த ஆல்பத்திலும் உழைத்தார். 1997 ஜனவரியில் பாரிஸ் நகரில் பாடகர் எல்டன் ஜானோடு ஒரு பாடலுக்கு மேடையேறியதும், அதே ஆண்டு ஃப்ரெடியை நினைத்து மற்ற இருவரும் பாடிய ஒரு பாட்டுக்கு வாசித்ததும்தான் கடைசி. ஃப்ரெடியின் இடத்தில் இன்னொருவரை நிறுத்திப் பாடவைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. மேயும் டெய்லரும் வேறு பாடகர்களை வைத்துக் குழுவின் பெயரில் தொடர்ந்து ஊர் ஊராகச் சென்றார்கள். அதில் தவறில்லை, ஆனால் எனக்கென்னவோ டீக்கன் செய்ததே சரியென்று படுகிறது. 2001-இல் ராக் இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' அமைப்பு க்வீன் குழுவைக் கௌரவித்தபோதும் அவர் மேடைக்கு வரவில்லை. மனைவி, ஆறு பிள்ளைகள் என்று லண்டனிலேயே இருந்துவிட்டார்.