எடை கூடினால் சரியாகுமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் வயிற்று நோயைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு வயது 29, திருச்சியில் பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாகச் சாப்பிட்ட அரைமணியில் மேல்வயிறு முறுக்கிப் பிடிக்கிறது. கேஸ் என்றார்கள், அல்சர் என்றார்கள். எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை. கல் இருக்கிறதென்று பித்தப்பையை எடுத்தாயிற்று, வலி போகவில்லை. 56 கிலோ இருந்தவள் 43-க்கு வந்துவிட்டேன். இப்போது ரத்தநாளங்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிட்டு, மீடியன் ஆர்க்குவேட் லிகமென்ட் என்ற நார்ப்பட்டை, இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் கொண்டுபோகும் சீலியாக் தமனியை அழுத்துகிறது, லேப்ராஸ்கோபியில் வெட்டிவிடலாம் என்கிறார் சர்ஜன். "சாப்பிடப் பயந்தே இப்படி ஆயிட்டா, உடம்பு தேறினா எல்லாம் சரியாப் போயிடும்" என்கிறார் மாமியார். நீங்களும் ஆபரேஷன் இல்லாமல்தானே குணமானீர்கள்? நானும் பொறுத்துப் பார்க்கட்டுமா?

கா.

அன்புள்ள கா.,

என் வழி உங்களுக்குப் பொருந்தாது. நான் எழுதியதைக் காட்டி யாராவது உங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் என்னால் தாங்க முடியாது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வந்தது வில்கி நோய். அயோர்ட்டா என்ற பெருந்தமனிக்கும், அதிலிருந்து கிளைத்துக் குடலுக்கு இறங்கும் சூப்பீரியர் மெசென்டெரிக் தமனிக்கும் நடுவில் முன்சிறுகுடல் போகிறது. அந்த இடைவெளி மூடாமல் தாங்குவது கொஞ்சம் கொழுப்பு. காசநோயில் உடம்பு உருகியபோது அதுவும் கரைந்து, தமனி சரிந்து குடலை நசுக்கியது. பச்சை பச்சையாகப் பித்தவாந்தி. மூக்கு வழியாக, நெருக்கத்தைத் தாண்டிச் சிறுகுடல் வரை குழாய் விட்டு, கன்னத்தில் பிளாஸ்டர் போட்டு ஒட்டி, ராத்திரியெல்லாம் சத்துக் கரைசலைச் சொட்டவிட்டார்கள். பிறகு வாயால் சாப்பிட ஆரம்பித்தபோது, சாப்பிட்டதும் குப்புறப் படுத்துக்கொள்வேன். எடை ஏறியது, வழி திறந்தது.

உங்களுடையது உதரவிதானத்தின் இரண்டு கால்களையும் சேர்க்கும் நார்ப்பட்டை. சிலருக்கு அது சற்றுத் தாழ அமைந்து சீலியாக் தமனியை அழுத்துகிறது. நீங்கள் பத்துக் கிலோ கூடினாலும் அது விலகிக்கொடுக்காது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள், படத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும். ஒவ்வொரு கவளத்துக்கும் வலி காத்திருந்தால் யாருக்குத்தான் சாப்பிட மனம் வரும்? பயம் வலியால் வந்தது. உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

அதற்காக உடனே ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். 10 முதல் 24 சதவீதம் பேருக்கு இந்த நெருக்கம் இருக்கலாம் என்கின்றன மருத்துவ நூல்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, பக்கத்துத் தமனிகள் வழியே ரத்தம் போய்விடும். 1963-ல் ஹார்யோலா, 1965-ல் டன்பார் என்ற மருத்துவர்கள் இந்த நோயை எழுதிவைத்தார்கள். வலி ரத்தக் குறைவால் வருகிறதா, தமனியைச் சுற்றியிருக்கும் நரம்புப் பின்னல் நசுங்குவதால் வருகிறதா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆகவே படத்தில் நெருக்கம் தெரிகிறது என்பதும், உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்பதும் வேறு வேறு.

அதைக் கண்டுபிடிக்கத்தான் சீலியாக் பிளாக் என்ற ஊசி. அந்த நரம்புப் பின்னலைச் சில மணி நேரம் மரத்துப்போக வைப்பார்கள். டாக்டர் அனுமதித்ததும் அந்த நேரத்துக்குள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். இட்லி வேண்டாம். எது உங்களைச் சுருட்டிப் போடுமோ, அந்தக் குழம்புச் சோற்றையே சாப்பிடுங்கள். வலி வராவிட்டால் ஆபரேஷன் பலன் தர நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்போது தள்ளிப்போடாதீர்கள், 43 கிலோவில் இழக்க இனி ஒன்றுமில்லை. வலி அப்படியே இருந்தால், இரைப்பை மந்தமாக இயங்குகிறதா என்பது உட்பட மற்றக் காரணங்களை ஒரு குடல் மருத்துவரிடம் பார்த்துவிட்டுத்தான் கத்தி. மூச்சை இழுத்தும் விட்டும் எடுக்கும் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன், இதுவரை எடுக்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள், விடும்போதுதான் நெருக்கம் கூடும்.

சர்ஜனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். இதே ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? பட்டையோடு நரம்புப் பின்னலையும் எடுப்பாரா? வெட்டும் இடம் அயோர்ட்டாவை ஒட்டியது, ரத்தம் பீறிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டிவரும். ரத்தநாள சர்ஜன் பக்கத்தில் இருப்பாரா? பட்டையை வெட்டாமல் தமனிக்குள் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் மட்டும் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வெளியிலிருந்து விழும் அழுத்தத்தில் அது நசுங்கிவிடும். பலருக்கு நல்ல குணம் தெரிகிறது. சிலருக்குப் பாதிதான் குறைகிறது, சிலருக்குத் திரும்பியும் வருகிறது. அப்படி ஆனால் அடுத்தது என்ன என்பதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஆறு வேளை சாப்பிடுங்கள். விரதம் எதுவும் வேண்டாம். ஊசி போட்ட அன்று என்ன சாப்பிட்டீர்கள், எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா