கணினிக் கேள்விகள்: புதுசு போட்டேன், பழசு திறக்கவில்லை

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து வைத்தால் ஒரு குவியல்தான் பெரிதாக இருக்கிறது. புது வெர்ஷன் போட்டோம், பழையது ஓடவில்லை என்கிற புலம்பல். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிம்மக்கல்லில் டிடிபி சென்டர் நடத்திவிட்டு அப்புறம் சர்வீஸுக்கு வந்தவன் நான். இந்த விஷயத்தில் நானும் அடி வாங்கியவன்தான். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். புதிதாக விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வாங்கினேன். பதினைந்து வருடக் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில் இருக்கின்றன. புது கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கின்றன. பையன் யூனிகோடுக்கு மாறச் சொல்கிறான். மாறினால் பழையது போய்விடுமா? (செல்லூர்)

உங்கள் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் உண்மையில் தமிழ் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால், கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச். அந்த எழுத்துரு இருக்கும்வரை அது நம் கண்ணுக்கு அம்மா. இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் எம், கே, அரைப்புள்ளி. யூனிகோடு என்பது தமிழ் எழுத்துகளுக்கே தனி இடம் கொடுத்த பொதுமுறை. ஆகவே முதல் வேலை, பழைய கம்ப்யூட்டரின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் எடுத்து வாருங்கள். இணையத்தில் அதே பெயரில் கிடைப்பதை இறக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று விதம் சுற்றுகிறது, ஒன்றில் இருக்கும் இடத்தில் இன்னொன்றில் எழுத்து இருக்காது.

இனி பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பு 7, வந்தது 2001-ல். யூனிகோடு அதற்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. விண்டோஸ் 11-லும் அதை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கும் ஓடலாம். ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் நின்றுபோனால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. அடோபியின் அடுத்த பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்கு மாற்றலாம் என்றால், பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் வசதி அதன் சிஎஸ்6 பதிப்பு வரைதான் இருந்தது. அதற்குப் பிறகு வந்தவை திறக்காது. போதாக்குறைக்கு, டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களை அடோபி 2023 ஜனவரியோடு கைவிட்டுவிட்டது. உங்கள் அலங்கார எழுத்துகளில் சில அந்த வகையாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் என்ன செய்வேன் என்றால், பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடமாட்டேன். நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஒரு மூலையில் வைப்பேன். அதிலேயே ஒவ்வொரு வேலையையும் பிடிஎஃப் ஆக்கி வைத்துவிடுவேன். மகள் காதுகுத்துக்கு ‘எங்க கல்யாணப் பத்திரிகை மாதிரியே போடுங்க’ என்று வருகிறவருக்குக் காட்ட அது போதும். புது வேலைகளை மட்டும் யூனிகோடில் செய்வேன். தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டாயிற்று. பையன் சொல்வது சரிதான். ஆனால் பதினைந்து வருடக் கோப்புகளையும் உட்கார்ந்து மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். தேவைப்படுகிறபோது தேவைப்படுவதை மாற்றினால் போதும்.

மாற்றும்போது ஒரு வரி விடாமல் படிக்கவேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழைய எழுத்தை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளை நான் முதன்முதலில் வாங்கிய புதிதில் ஒரு பத்திரிகையை மாற்றி, படிக்காமல் அச்சுக்கு அனுப்பினேன். மாப்பிள்ளைக்கு ஊர் பொதும்பு. பழைய கோப்பில் யாரோ காலுக்குப் பதிலாக ‘ர’ அடித்து வைத்திருந்தார்கள். பழைய எழுத்துருவில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், கண் ஏமாந்துவிடும். மாற்றி மென்பொருள் ஏமாறவில்லை. அது உள்ளதை உள்ளபடி மாற்றி ‘பெரதும்பு’ என்று போட்டுவிட்டது. ஐந்நூறு பத்திரிகை. ‘அண்ணே, இந்தப் பெரதும்பு எந்த ஜில்லாவுல இருக்கு?’ என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மறு அச்சுக்கு என் கைக்காசுதான். இதே வகையில் ‘ஔ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கும். ‘எ’ இருக்கும் இடத்தில் ஏழைக் குறிக்கும் தமிழ் எண் நிற்கும். அச்சில் தெரியாது, தேடினால்தான் அகப்படாது. கொம்பும் ஒரு தொல்லை. பழைய முறையில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு எழுத்தை அடிப்போம். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வரும் இடங்களை மட்டும் விரல் வைத்துப் படித்தாலே முக்கால்வாசித் தப்பு பிடிபடும்.

உரக்கடை. கணக்கு எழுதும் மென்பொருளில் டேலி.ஈஆர்பி 9-லிருந்து புதிய டேலிபிரைமுக்கு மாறினோம். கடைக் கம்ப்யூட்டரில் நன்றாக இருக்கிறது. குடோனில் பழைய டேலி. அங்கே கம்பெனிக் கணக்கு திறக்கவில்லை. பழையபடி ஆக்க முடியுமா? (மேலூர்)

மாற்றிய கணக்கைப் பின்னோக்கிக் கொண்டுவர முடியாது. புதுப் பதிப்பு கணக்கைத் தன் அமைப்புக்கு எழுதிக்கொண்டால் பழையது அதைத் திறக்காது. பிரைமுக்குள்ளேயே 3.0-க்குப் போகும்போதும் இதே கதைதான். மாற்றுவதற்கு முன் பேக்கப் எடுத்திருந்தால் அதைக் குடோனில் ரீஸ்டோர் செய்யலாம். ஆனால் மாறிய பிறகு போட்ட பில்களைத் திரும்ப அடிக்கவேண்டும், இரண்டு இடத்துக் கணக்கும் ஒட்டாமல் போகும். குடோனையும் அதே பதிப்புக்கு ஏற்றிவிடுங்கள். உங்கள் லைசென்ஸ் ஒரு ஆளுக்கா, பல பேருக்கா என்று அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுவதற்கு முன் பழையதில் டிரையல் பேலன்ஸையும் ஸ்டாக் சம்மரியையும் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகு புதியதிலும் அடித்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மொத்தம் ஒரு ரூபாய் இடித்தாலும் அன்று பில் போடாதீர்கள். இன்னொன்று, பில்லில் மூட்டைக் கணக்கு வருகிற மாதிரி யாரோ தனியாக டிடிஎல் (டேலிக்கென்று எழுதும் கூடுதல் நிரல்) எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அது பிரைமில் அப்படியே ஓடும் என்று நினைக்கவேண்டாம். எழுதியவரை இப்போதே கூப்பிடுங்கள். விதைப்பு நேரத்தில் கடையில் ஆள் நிற்கும்போது கூப்பிட்டால் அவர் போனை எடுக்கமாட்டார்.

அடகுக்கடையில் இருபது வருடமாக டாஸ் மென்பொருள், ஃபாக்ஸ்புரோவில் எழுதியது. எழுதிக் கொடுத்தவர் இப்போது இல்லை. புது கம்ப்யூட்டரில் ‘ஓடாது’ என்ற செய்தி வருகிறது. ரசீது டாட் மேட்ரிக்ஸில்தான். (சோழவந்தான்)

16 பிட் காலத்து நிரலை 64 பிட் விண்டோஸ் ஓட்டாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு கிடைத்தது, அதில் ஒப்பேற்றினோம். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. கம்பாட்டிபிலிட்டி மோடு என்று யாராவது மணிக்கணக்கில் தட்டிக்கொண்டிருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், அதனால் ஆகாது.

டாஸ் நிரல்களைப் புது விண்டோஸில் ஓட்டத் தனி மென்பொருள்கள் உண்டு. அதில் டாஸ்பாக்ஸ் பெரும்பாலும் விளையாட்டுக்காக எழுதப்பட்டது. உங்கள் மாதிரிக் கணக்கு வேலைக்கு விடாஸ் பொருந்தும், அது விண்டோஸில் இருக்கும் பிரிண்டருக்கே ரசீதை அனுப்பும். அல்லது ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாகவே இன்னொரு கம்ப்யூட்டர்) பழைய 32 பிட் விண்டோஸைப் போட்டு அதற்குள் ஓட்டலாம். எதைச் செய்தாலும் நகலில் செய்யுங்கள். நகை எடை, வட்டி, மீட்ட தேதி எல்லாம் டிபிஎஃப் என்ற தரவுக் கோப்புகளில் இருக்கும். லிப்ரே ஆபீஸ் கால்க் அவற்றை நேரடியாகத் திறக்கும். கால்கில் திறந்து வேறு பெயரில் சேமித்து வைத்தால், மென்பொருள் நாளைக்கே நின்றாலும் யார் நகை யாருடையது என்பது உங்கள் கையில் இருக்கும். பிரிண்டரை மாற்றவேண்டாம். கார்பன் வைத்து இரண்டு ரசீது எடுக்க அதைவிட்டால் வேறு நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மாமாவின் சுங்குடி சேலைக் கடைக்கான இணையதளத்தை நான்தான் பார்க்கிறேன், கல்லூரி மாணவன். தளம் எழுதப்பட்ட பிஹெச்பி மொழியின் 5.6 பதிப்பை ஹோஸ்டிங்காரர்கள் எடுத்துவிட்டு 8 ஆக்கிவிட்டார்கள். தளம் முழுக்க வெள்ளைப் பக்கம். (நாகமலை புதுக்கோட்டை)

தம்பி, வெள்ளைப் பக்கம் வந்தது நல்லதே. உடைந்தது தெரிகிறது அல்லவா? டேட்டாபேஸோடு பேசும் பழைய மைஎஸ்க்யூஎல் கனெக்ட் வகைக் கட்டளைகளை 2015 டிசம்பரில் வந்த 7.0-விலேயே எடுத்துவிட்டார்கள். மைஎஸ்க்யூஎல்ஐ அல்லது பிடிஓவுக்கு மாற்று. உன் லேப்டாப்பில் ஒரு நகலை வைத்து, எரர் எல்லாம் திரையில் காட்டும்படி திறந்துவிட்டு, முதலில் 7.4-ல் ஓட்டு, சுத்தமான பிறகு 8-க்குப் போ. ஒரே தாவலாகத் தாவினால் எந்தப் பிழை எந்தப் பதிப்பின் வேலை என்று தெரியாது.

எனக்குப் பயம், சத்தம் போடாத பிழைகள்தான். ஓர் உதாரணம். இருப்பு எண் பூஜ்யம். அதை ‘இல்லை’ என்ற சொல்லோடு இரண்டு சமக்குறி போட்டு ஒப்பிட்டால், 7 வரை பிஹெச்பி சொல்லையும் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு ‘சமம்’ என்று சொல்லும். 2020 நவம்பரில் வந்த 8.0-விலிருந்து ‘சமம் இல்லை’ என்று சொல்லும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. தீர்ந்துபோன சேலை இருப்பில் இருப்பதாகக் காட்டும், ஆர்டர் வரும், மாமா உன்னைக் கூப்பிடுவார். இரண்டு சமக்குறி வருகிற இடத்தையெல்லாம் தேடிப் பார். தளம் சரியானதும், கையிருப்பு இல்லாத ஒரு சேலையை வாங்குகிற மாதிரி நீயே ஒரு தடவை நடித்துப் பார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர். 2017-ல் வாங்கிய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை என்கிறது. ஐந்நூறு ரூபாய்க்கு ஏதோ செய்து போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். (ஆனையூர்)

அந்த ஐந்நூறுக்கு ஒரு பழைய டிஸ்க் வாங்கிப் பேக்கப் எடுங்கள். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். 2017 கம்ப்யூட்டர் ஏழாவது தலைமுறையாக இருக்க வாய்ப்பு அதிகம். டிபிஎம் மட்டும்தான் குறை என்றால் பயாஸில் அணைந்து கிடக்கலாம், அதை இலவசமாகவே ஏற்றிப் பார்க்கலாம். சுற்றுவழியில் போட்டால் ஓடும், ஆனால் அப்டேட் வருவதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை. கடிதமும் பென்ஷன் தாளும் மட்டும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள் சார். பிரிண்டர் மாடல் நம்பரை மட்டும் எனக்கு எழுதுங்கள், அது லினக்ஸில் ஓடுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அப்டேட் என்று வருவதையெல்லாம் உடனே அமுக்கலாமா? (திருமங்கலம்)

பாதுகாப்பு அப்டேட் என்றால் அன்றைக்கே. வெர்ஷனின் முதல் எண்ணே மாறுகிறது என்றால், மாதக் கடைசியிலும் முகூர்த்த நாளுக்கு முந்தின நாளிலும் வேண்டாம்.