மோட்டாரைத் திறந்து பார்த்தவர் எழுத வேண்டியது – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எட்டு வருடமாக மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் வேலைதான். வருமானம் போதவில்லை. ஒரு வெப்சைட் ஆரம்பித்து அஃபிலியேட் மார்க்கெட்டிங்கில், அதாவது பொருளுக்கு லிங்க் கொடுத்து அதன் வழியாக யாராவது வாங்கினால் கமிஷன் பெறுவதில், சம்பாதிக்கலாம் என்று இருக்கிறேன். நீங்கள் சொந்தமாகத் தளம் நடத்துவதால் கேட்கிறேன். தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸைக் காசு கொடுத்துச் சொந்த ஹோஸ்டிங்கில் (வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடத்தில்) போடுவதா, இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் ஆரம்பிப்பதா? செல்போனுக்குத்தான் தேடல் அதிகம் என்கிறார்கள். ஏஐ-யை வைத்து நூறு போன் ரிவியூ எழுதிப் போடலாம் என்பது திட்டம். கமிஷன் வருகிறது என்று வெளியே சொன்னால் யாரும் லிங்கை அழுத்த மாட்டார்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், சரியா? எத்தனை மாதத்தில் பணம் வரும்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

ஹோஸ்டிங் பற்றி வரும் கடிதங்களை வழக்கமாக என் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் நண்பருக்கு அனுப்பிவிடுவேன். உங்கள் கடிதத்தை அப்படி அனுப்ப முடியவில்லை. சென்ற வாரம்தான் என் அக்காவுக்கு ஒரு கிரைண்டர் வாங்கலாம் என்று தமிழில் தேடிக்கொண்டிருந்தேன். பக்கம் பக்கமாக வந்தது. எல்லாவற்றிலும் ஒரே வாசகம். இரண்டு லிட்டர், 150 வாட்ஸ், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிரம், 'உங்கள் சமையலறைக்கு அழகு சேர்க்கும்'. அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. மாவு அள்ளிய பிறகு அந்த டிரம்மைக் கல்லோடு தூக்கிக் கழுவ அவளால் முடியுமா? ஒருவரும் சொல்லவில்லை. எழுதியவர்களில் ஒருவர்கூட அந்தக் கிரைண்டரில் ஒரு ஆழாக்கு அரிசி ஆட்டியதில்லை என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் உங்கள் கடிதம் வந்தது.

முதல் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சொந்த ஹோஸ்டிங்தான். இலவச இடத்தில் முகவரி உங்களுடையதல்ல, விதிகளும் உங்களுடையவை அல்ல. இலவசமாகப் பக்கம் போட இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை 2009-ல் யாஹூ மூடியபோது பல தமிழ்ப் பக்கங்களும் சேர்ந்து போயின. எழுதியவர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை, இடம் இன்னொருவருடையது, அவ்வளவுதான். வேர்ட்பிரஸ் மென்பொருள் 2003 முதல் இலவசம். அது ஓடத் தேவையான பிஎச்பி, மைஎஸ்கியூஎல் என்ற மென்பொருள்கள் இரண்டும் உள்ள சாதாரண ஷேர்ட் ஹோஸ்டிங்கே (ஒரே சர்வரைப் பலர் பகிர்வது) உங்களுக்குப் போதும். டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்குங்கள். 'தளம் செய்து தருகிறேன்' என்று வரும் மச்சான் பெயரில் வாங்காதீர்கள். முதல் வருட விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும்போது என்ன விலை என்று பாருங்கள். தளத்துக்கும் வாசகருக்கும் இடையிலான தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பிடம் இலவசமாகவே கிடைக்கிறது, அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தளத்தின் தோற்றத்துக்கென்று திருட்டுத் தீம் போடாதீர்கள், அதோடு யாருடைய கோடோ உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். மற்றதை என் நண்பர் தனியாக எழுதுவார்.

இனி நான் திட்ட வேண்டிய இடம். எட்டு வருடமாக மிக்ஸியையும் கிரைண்டரையும் பிரித்துப் போட்டுப் பார்த்த மனிதர், கையில் தொட்டே பார்க்காத செல்போனைப் பற்றி நூறு கட்டுரை போடப்போகிறேன், அதையும் ஏஐ எழுதும் என்கிறார். உங்களுக்கு என்ன ஆயிற்று தம்பி? அந்த நூறு கட்டுரையை நூறு பேர் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். போனைக் கையில் வைத்துச் சோதித்து எழுதுகிறவர்கள் ஒவ்வொரு மொழியிலும் இருக்கிறார்கள். தேடலில் ஏறுவதற்காகவே, படிப்பவருக்குப் பயனில்லாமல் கட்டுக்கட்டாகப் போடும் பக்கங்களைக் குப்பையாகக் கணக்கில் எடுப்போம் என்று 2024 மார்ச்சில் கூகுளே விதியாக அறிவித்துவிட்டது. ஆனால் கூகுளுக்குப் பயந்து அதை விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உங்களிடம் இருப்பது இந்த ஊரில் பத்துப் பேரிடம் இருந்தால் அதிகம். அதைத் தூர வைத்துவிட்டு எல்லோரிடமும் இருப்பதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்களே என்பதுதான் என் ஆற்றாமை.

யோசித்துப் பாருங்கள். மிக்ஸி திடீரென்று நின்றுபோனால் பாதிப் பேர் அதைப் பையில் போட்டுக்கொண்டு உங்கள் கடைக்கு வருவார்கள். அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை நீங்கள் ஒருமுறை அழுத்துவீர்கள், ஓடும். ஓவர்லோடில் தானாக நிற்பதற்காக வைத்த பட்டன் அது. இதைப் படத்தோடு தமிழில் எழுதினால் எத்தனை வீட்டுக்கு உபகாரம்! ஜாரின் அடியில் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் தண்ணீர் கசிந்து மோட்டாருக்குள் இறங்கும். சட்னி அரைக்கிறவருக்கு மேலே ஈரம்தான் தெரியும், உள்ளே மோட்டாரின் கம்பிச்சுருள் கருகுவது உங்களுக்குத்தான் தெரியும். கிரைண்டர் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் மோட்டார் கிளம்ப உதவும் கப்பாசிட்டர்தான் கெட்டிருக்கும். நூறு இருநூறு ரூபாய்ச் சமாசாரம், அதற்குப் பயந்து புதுக் கிரைண்டரே வாங்கிவிடுகிறார்கள். எந்த மாடலில் காப்பர் வைண்டிங், எதில் அலுமினியம், எதற்குக் கப்ளரும் பெல்ட்டும் டவுன்ஹாலில் எந்தக் கடையிலும் கிடைக்கும், எதற்கு ஸ்பேர் கேட்டால் கையை விரிப்பார்கள் என்பதெல்லாம் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் 750 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த மோட்டாரை விடாமல் எத்தனை நிமிடம் ஓட்டலாம், எப்போது ஆறவிட வேண்டும் என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தக் கிரைண்டரின் வயிற்றைத் தினமும் திறந்து பார்க்கிற ஆள் அந்த ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு எனக்கு எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாமா?

நூறு வேண்டாம், பத்து எழுதுங்கள். அமெரிக்காவில் பிரையன் லாம் 2011-ல் ஆரம்பித்த வயர்கட்டர் தளம், ஒவ்வொரு வகையிலும் ஒன்றிரண்டு பொருளை மட்டும் நன்றாகச் சோதித்து 'இதை வாங்குங்கள்' என்று சொல்லியே வளர்ந்தது. வருமானம் நீங்கள் கேட்கும் இதே அஃபிலியேட் கமிஷன்தான். 2016-ல் நியூயார்க் டைம்ஸ் அதை ஏறக்குறைய 3 கோடி டாலருக்கு வாங்கியது. அவர்களிடம் சோதிக்க ஆட்கள் இருந்தார்கள். உங்களிடம் எட்டு வருடத்துக் கருகிய மோட்டார்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அது இன்னும் நல்ல சோதனைக்கூடம். புதுப் பொருளைச் சோதிக்கிறவருக்கு மூன்றாம் வருடம் என்ன ஆகும் என்பது தெரியாது.

கமிஷனை மறைக்கச் சொன்ன வீடியோவுக்கு வருகிறேன். என் பெரியப்பா பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தார். விடுமுறையில் அவரோடு போய் நின்றிருக்கிறேன். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது. ஆனால் ஒரு ஜோடிக்குத் தரகு எவ்வளவு என்பது சந்தைக்கே தெரியும். அதில் ஒளிவு மறைவு இல்லை. வாங்க வந்தவரிடம் முதலில் அவர் கேட்பது, "உழவுக்குங்களா, வண்டிக்குங்களா?" பதில் வராமல் எந்த மாட்டையும் காட்ட மாட்டார். வாயைப் பிளந்து பிடித்துக்கொண்டு, பல்லை வாங்குகிறவரையே எண்ணச் சொல்வார். நுகத்தில் பூட்டினால் படுத்துக்கொள்ளும் மாடு என்று தெரிந்தால், விற்கிறவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் சரி, வாங்குகிறவரிடம் சொல்லிவிடுவார். இதற்காகப் பெரியம்மாவின் அண்ணன் பல காலம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பெரியப்பா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த சந்தைக்கும் அதே புளியமரத்தடியில்தான் நிற்பார், ஏமாந்தவர் வந்து சட்டையைப் பிடிக்கலாம்.

இணையத்தில் இது தலைகீழாகிவிட்டது. விலை ஊருக்கே தெரிகிறது, தரகு துண்டுக்குள் போய்விட்டது. அதை அப்படியே துண்டுக்குள் வைத்திரு என்று சொல்லிக்கொடுப்பவர் உங்களுக்கு நல்லது சொல்லவில்லை. விளம்பரம் செய்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2022-ல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறி. லிங்க் கொடுப்பவர்களோடு அமேசான் செய்துகொள்ளும் ஒப்பந்தமும் அதையே கட்டாயமாக்குகிறது. கட்டுரையின் மேலேயே எழுதுங்கள்: 'இந்த லிங்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும், உங்களுக்கு விலை கூடாது.' கூடவே, வாங்க வேண்டாம் என்று நீங்கள் நினைக்கும் மாடலையும் காரணத்தோடு எழுதுங்கள். அதைப் படித்தவர் உங்கள் லிங்கை அழுத்துவார். அழுத்தாமல் நேரே கடைக்குப் போய் வாங்கினாலும் போகட்டும், நல்ல பொருள்தானே வாங்கினார்.

எத்தனை மாதம் என்றால், முதல் வருடம் இந்தப் பணத்தை நம்பி வாடகைக் கணக்குப் போடாதீர்கள், கடையை ஒரு நாளும் மூடாதீர்கள். அமேசானின் அஃபிலியேட் திட்டத்தில் சேர்ந்து 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது ஆகாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். அதனால் முதலில் எழுதுங்கள், ஆள் வரத் தொடங்கிய பிறகு சேருங்கள். உங்கள் லிங்கை அழுத்தியவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினாலோ, கூடையில் போட்டுவைத்துப் பிறகு வாங்கினாலோதான் கமிஷன். உங்கள் லிங்கில் நீங்களே வாங்கினால் கமிஷன் கிடையாது, வீட்டாரை வாங்கச் சொல்லவும் கூடாது. விலையைக் கையால் எழுதி வைக்காதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும், அமேசானின் விதிகளுக்கும் விரோதம். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் வீட்டுச் சாமான்களுக்கான கமிஷனை ஒரே அறிவிப்பில் எட்டு சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைத்தது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் என்ன செய்ய முடியும்? உங்கள் தளத்தில் உங்கள் கடையின் போன் நம்பரையும் போடுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டுப் பழைய கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் தரும் கூலியில் யாரும் கை வைக்க முடியாது.

வெளிநாட்டுத் தமிழர்களும் படிப்பார்கள். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (மின்னோட்டம் நொடிக்கு அறுபது சுற்று). நம் ஊர்க் கிரைண்டர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மகளுக்கென்று பெட்டியில் கட்டி எடுத்துப்போய், அங்கே சுற்றாமல் மூலையில் கிடக்கும் கிரைண்டர்கள் உண்டு. டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்டேஜ்தான் மாறும், ஹெர்ட்ஸ் மாறாது. அதனால் மோட்டாருக்கு என்ன ஆகிறது என்று எழுத உங்களைவிடத் தகுதியான ஆள் யார்? அந்த நாட்டுக்கென்று செய்த மாடல்களை அங்குள்ள அமேசான் தளத்திலேயே விற்கிறார்கள். அதற்குத் தனியாகக் கணக்குத் தொடங்க வேண்டும். இந்தியக் கணக்கின் லிங்க் அங்கே செல்லாது. கணக்கு பிறகு இருக்கட்டும், வோல்டேஜ் பற்றிய கட்டுரையை இந்த மாதமே எழுதிவிடுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், எழுத்துப்பிழை நான் பார்த்துத் தருகிறேன். அக்காவுக்கு எந்தக் கிரைண்டர் என்பதையும் அதோடு ஒரு வரி எழுதுங்கள். டிரம்மை அவளே தூக்கிக் கழுவ வேண்டும்.