வெளிநாட்டு மருத்துவமனைக்கு உதவும் சிறு குழுக்கள் ‘தேவைப் பட்டியல்’ கேட்பது ஏன்?

பினாங்கில் இப்படிக் குழுவாக உதவுபவர்களிடம் பலரும் கேட்பது இது: “பொருள் தயாராக இருக்கிறது, ஏன் வாங்க மறுக்கிறீர்கள்?”

தேவைப் பட்டியல் என்பது, தனக்கு என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று அந்த மருத்துவமனையே எழுதித் தருவது.

இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலில் தைப்பூச அன்னதானத்துக்கு உதவியிருந்தால் இது சட்டென்று புரியும். ஆளாளுக்குத் தக்காளி மூட்டையோடு வந்து நின்றால் அரிசிக்கு எங்கே போவது? சமையல்காரர் சொல்வதைத்தான் வாங்க வேண்டும்.

மருத்துவமனையில் இது இன்னும் முக்கியம். நல்ல மனதோடு அனுப்பிய ஸ்கேன் இயந்திரம், அதற்குரிய ஜெல்லோ உதிரிபாகமோ அங்கே கிடைக்காவிட்டால், மூலையில் துணி போர்த்திக் கிடக்கும். மருந்துக்கும் கணக்கு உண்டு: போய்ச் சேரும்போது குறைந்தது 1 ஆண்டாவது காலாவதிக் கெடு மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. கப்பல், சுங்கம், கிடங்கு என்று மாதங்கள் ஓடிவிடும், அதனால்தான். பல நேரம் பணமாக அனுப்பி அங்கேயே வாங்கச் சொல்வதுதான் நல்லது என்பேன்.

அப்புறம், வீட்டில் மிஞ்சிய மாத்திரை அட்டை பிரிக்காமல் இருந்தால் அனுப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கூடாது, எந்தச் சூட்டில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.