விரல் யாருடையது, தவறு யாருடையது?

நானும் தம்பியும் இரட்டையர். என் ஐபோன் அவன் முகத்துக்கும் திறக்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (ஆம்பூர்)

மாற்றித் தர மாட்டார். வேறொருவர் முகத்துக்குத் திறக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லும் ஆப்பிளே, இரட்டையருக்கு அந்தக் கணக்கு செல்லாது என்றும் சொல்லியிருக்கிறது. நம்பர் லாக் போடுங்கள்.

நாற்பது வருடமாக பீடி சுற்றுகிறேன். ரேஷன் கடை மிஷின் என் விரலை எடுப்பதில்லை. "ஆதாரைச் சரிபண்ணிட்டு வா" என்று இரண்டு மாதமாக அரிசி இல்லாமல் அனுப்புகிறார்கள். (குடியாத்தம்)

அம்மா, சரிபண்ண வேண்டியது உங்களை அல்ல. இலையைச் சுருட்டிச் சுருட்டி மழுங்கிய விரலை மறுபடி பதிந்தாலும் அதே மழுங்கிய ரேகைதான் பதியும். பேரணாம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பில் கை வைப்பவர்களுக்கும் இதே கதை.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், "மிஷின் சொல்லிடுச்சு" என்கிறார்களே, அங்கே. மிஷின் ஆளை அடையாளம் சொல்வதில்லை. ரேகை முடியும் இடம், கிளை பிரியும் இடம் எல்லாம் பழைய பதிவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மார்க் போடுகிறது, அவ்வளவுதான். பாஸ் மார்க்கை ஏற்றினால் சொந்தக்காரரே ஃபெயில். இறக்கினால் அடுத்தவனும் பாஸ். விரல் வைக்கும் கண்ணாடியில் பாமாயில் பிசுக்கு வேறு. அதைத் துடைக்காமல் உங்களைக் கை கழுவிவிட்டு வரச் சொல்வார்கள்.

கைரேகை சேரவில்லை என்பதற்காக ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பத்து விரலையும் வைத்துப் பாருங்கள். பிறகு ஓடிபி கேளுங்கள். கருவிழிக் கருவி இருந்தால் அதையும் கேளுங்கள். அப்போதும் இல்லை என்றால் ரேஷன் புகார் எண் 1967-க்குப் போன், தாலுகா ஆபீஸில் வட்ட வழங்கல் அலுவலருக்கு ஒரு மனு. விட்டுப்போன மாதங்களைத் தேதியோடு எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்து கைரேகை வைத்துப் பணம் எடுத்துத் தரும் வங்கி முகவர், "ஃபெயில், ஃபெயில்" என்று அம்மாவை மூன்று தடவை விரல் வைக்கச் சொன்னார். கொடுத்தது 2,000. பாஸ்புக்கில் போனது 6,000. (காட்பாடி அருகே)

வயிறு எரிகிறது. மிஷினின் தவறை எல்லாரும் நம்புவதால் அதுவே திருடனுக்கு வசதியாகிவிட்டது. இன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குச் சொல்லுங்கள். வங்கியில் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முகவர் செய்ததற்கு அவரை நியமித்த வங்கி பொறுப்பு. "நீங்கதானே விரல் வைச்சீங்க" என்றால் எழுந்து வராதீர்கள். அம்மாவின் ஆதாரில் பயோமெட்ரிக் லாக் (கைரேகையை யாரும் பயன்படுத்த முடியாமல் பூட்டும் வசதி) போட்டு, பணம் எடுக்கும் நாளில் மட்டும் திறவுங்கள். இனி ஃபெயில் என்றாலும் சீட்டு வாங்காமல் அடுத்த தடவை விரல் வைக்கக் கூடாது.

ஆன்லைனில் கைரேகைப் பூட்டு வாங்கினேன். என் விரலுக்கே திறக்கவில்லை. பில் டவுன்லோடு செய்யவில்லை, பெட்டியை எறிந்துவிட்டேன், திருப்பி அனுப்பும் தேதியும் தாண்டிவிட்டது. (ஆற்காடு)

எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு எனக்கு ஏன் எழுதுகிறீர்கள்? ஆர்டர் செய்த கணக்கில் பில் இருக்கும், முதலில் அதை எடுங்கள். வாரண்டி இருந்தால் கம்பெனிக்கு எழுதுங்கள்.

நானும் யோக்கியன் இல்லை. பீரோவுக்கு 2,300 ரூபாயில் அப்படி ஒன்று வாங்கி மாட்டினேன். மே மாத வேலூரில் வியர்க்காத விரலுக்கு எங்கே போவது? எனக்குத் திறக்காதது பக்கத்து வீட்டுப் பையனுக்கு இரண்டு தடவை திறந்தது. ஒருநாள் பேட்டரியும் போனது. அவசரத்துக்கு என்று கொடுத்த சாவியை பத்திரமாக பீரோவுக்குள்ளேயே வைத்திருந்தேன். உடைத்துத் திறந்த ஆசாரிக்கு 400.