பாலைவனப் பூங்காவுக்கு எந்த மாதம் செல்லலாம்?

கேள்வி: கோடை விடுமுறையில் குழந்தைகளுடன் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் சென்று, அங்குள்ள பாலைவனத் தேசியப் பூங்காவில் கானமயில் என்னும் அரிய புல்வெளிப் பறவையைப் பார்க்க விரும்புகிறோம். மே மாதம் ஏற்றதா?
– வாசகி, மதுரை

பதில்: மே மாதம் வேண்டவே வேண்டாம். அந்த மாதத்தில் அங்கே பகல் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். ‘லூ’ என்னும் அனல்காற்றும் புழுதிப் புயலும் வீசும் அந்த நாள்களில், காலை ஒன்பது மணிக்கு மேல் குழந்தைகளைத் திறந்த ஜீப்பில் அழைத்துச் செல்வது ஆபத்து. உங்களுக்கு ஏற்றது அரையாண்டு விடுமுறைதான்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பகல் இதமாக இருக்கும். ஆனால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரி அளவுக்குக் குறையும் என்பதால், விடியற்காலையில் பூங்காவுக்குள் செல்ல கம்பளி உடையும் காதுகளை மூடும் குல்லாவும் கட்டாயம் வேண்டும். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் கழுகுகளையும், கானமயிலின் உறவுப் பறவையான மெக்வீன் கானமயிலையும் இந்தக் குளிர்காலத்தில்தான் பார்க்க முடியும். டெல்லி வழியாக ரயிலில் செல்பவர்கள், பனிமூட்டத்தால் வண்டி தாமதமாகக்கூடும் என்பதை மனத்தில் கொண்டு ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்வது நல்லது.

ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள இப்பூங்காவில் மணல்மேடுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. எஞ்சிய நிலம் பாறையும் உப்புப் படுகையும் புல்வெளியும் ஆகும். கானமயில் வாழ்வது புல்வெளியில் என்பதால், சம் என்னும் கிராமத்து மணல்மேட்டில் ஒட்டகச் சவாரியோடு திரும்பிவிடாமல், வனத்துறை அனுமதி பெற்று, அருகிலுள்ள சுதாசரிப் பகுதிக்கும் செல்லுங்கள். நம் சிவன் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னி மரமே அங்கே வெட்டவெளியில் மான்களுக்கு நிழல் தந்து நிற்பதைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். முள்வால் ஓணானை மட்டும் டிசம்பரில் எதிர்பார்க்க வேண்டாம். அது வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு குளிர்காலம் முழுவதும் உள்ளே உறங்கும். அதைப் பார்க்க மார்ச் மாதமே ஏற்றது. ரோகிடா மரங்கள் ஆரஞ்சு நிறத்தில் பூத்திருப்பதும் அப்போதுதான்.

கேள்வி: மழைக்காலத்தில் பாலைவனம் பசுமையாக இருக்கும், விடுதிக் கட்டணமும் குறைவு என்கிறார்கள். ஆகஸ்டில் செல்லலாமா?
– வாசகர், கோவை

பதில்: செல்லலாம், ஆனால் மிகுந்த பொறுப்போடு செல்ல வேண்டும். ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 200 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பெய்யும் மழையில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடுவதால், சேவன் புல் தழைத்து, வெட்டுக்கிளிகள் பெருகி, கானமயிலின் இனப்பெருக்கமும் அப்போது உச்சத்தில் இருக்கும். ஆண் பறவை தன் தொண்டைப் பையைக் காற்றால் நிரப்பி, ஏறக்குறைய தரையைத் தொடுமளவுக்குத் தொங்கவிட்டு, வெகுதூரம் கேட்கும்படி ஆழ்ந்த குரலெழுப்பும். காணக் கிடைக்காத காட்சிதான். ஆயினும் பெண் பறவை பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையைக் கூடு ஏதுமின்றி வெறுந்தரையில் இடுவதால், பாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் இறங்கும் ஒரு வண்டி அந்த ஆண்டின் முயற்சி முழுவதையும் அழித்துவிடக்கூடும். உலகிலேயே இன்று நூற்றைம்பது அளவுக்கே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படும் பறவை இது. மின்கம்பிகளில் மோதி அவை இறந்துகொண்டிருக்கும் நிலையில், சுற்றுலாவாலும் ஒரு முட்டை உடைய நாம் காரணமாகக் கூடாது. ஆகவே ஓட்டுநர் ‘இன்னும் பக்கத்தில் போகலாம்’ என்று ஆசை காட்டினாலும் மறுத்துவிட்டு, நல்ல இருநோக்கி ஒன்றை உடன் எடுத்துச் சென்று தொலைவிலிருந்தே பாருங்கள்.

கேள்வி: தங்குவதற்குச் சம் ஏற்றதா, ஜெய்சல்மேர் நகரமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பறவைகளுக்காகச் செல்பவருக்குச் சம் பகுதியே அருகில் உள்ளது. எனினும் ஜனவரி அல்லது பிப்ரவரியில் வட இந்திய நாள்காட்டியின் மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் பாலைவனத் திருவிழாவின்போது அங்கே கூட்டமும் ஒலிபெருக்கி இரைச்சலும் மிகுதி. அமைதி வேண்டுமானால் அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள், அல்லது ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கிலுள்ள கூரி கிராமத்தில் அறை எடுங்கள்.