செம்மண்ணில் இருக்கும் இரும்பு போதாதா?

கேள்வி: கம்பத்தில் குடியிருக்கிறேன், வண்டன்மேட்டில் நான்கு ஏக்கர் ஏலத்தோட்டம். பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று வியாபாரி காயைத் திருப்பிவிட்டார். நானோ இரும்பும் பாக்டீரியாவும் கலந்த பொடியைத் தூவினால் மண்ணின் விஷம் முறியும் என்று ஒருவர் விற்க வந்தார். வாங்கலாமா? எங்கள் செம்மண்ணிலேயே இரும்பு இருக்கிறதே?

பதில்: வாங்காதீர்கள். அறிவியலில் குறையில்லை, அந்தப் பொடியில்தான் எனக்குச் சந்தேகம்.

செம்மண்ணின் சிவப்பே துருதான். விஷத்தை முறிக்க இரும்பு தன் எலக்ட்ரானைக் கொடுக்கவேண்டும்; துருவிடம் கொடுப்பதற்கு எலக்ட்ரான் மிச்சமில்லை. இன்னும் துருவேறாத இரும்பை, தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்காகப் பொடித்தால், அதுதான் நானோ இரும்பு; அது துருவேறிக்கொண்டே பூச்சிமருந்தின் மூலக்கூறிலிருந்து குளோரினைக் கழற்றிவிடும். மீதியைப் பாக்டீரியா தின்னும். 2011-ல் உச்ச நீதிமன்றம் தடுத்த எண்டோசல்பானில் ஆறு குளோரின் உண்டு; குளோர்பைரிபாஸில் மூன்று. ஏலத்திற்குப் பலரும் அடிக்கும் குயினால்பாஸிலோ ஒன்றுகூட இல்லை! அதற்குப் பாஸ்பரஸ் பிணைப்பை அறுக்கும் நொதியுள்ள பாக்டீரியாவே பொருத்தம். அவ்வகை மருந்துகளைச் சிதைக்கும் பாக்டீரியா ஒன்றைப் பிலிப்பைன்ஸ் நெல்வயல் மண்ணிலிருந்து பிரித்து 1973-ல் உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர் நம் நாட்டு விஞ்ஞானி சேதுநாதன்.

இன்னொன்று, நானோ இரும்பு பாக்டீரியாவையும் கொல்லக்கூடியது. முதலில் இரும்பை இட்டு, அது அடங்கிய பிறகே பாக்டீரியாவை விடவேண்டும். இரண்டையும் ஒரே பையில் அடைத்தவருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தே விற்கிறார். காற்றுப் பட்டால் நானோ இரும்பு கெடும். காப்புப் பூச்சு இல்லாத புதுப்பொடி தீப்பற்றவும் செய்யும். சாதாரண மூட்டையில் வந்த பொடி கம்பம்மெட்டு ஏறுவதற்குள் துருவாகியிருக்கும்.

உங்கள் காய் திரும்பியதற்கு மண்ணைவிடத் தெளிப்பே காரணமாக இருக்கலாம். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோ ஆகும்போது, அதன்மேல் விழுந்த மருந்தும் அடர்ந்துபோகிறது. ஒரு எடுப்பு, அதாவது ஒரு சுற்றுக் காய்ப்பறிப்பு, முடிந்த கையோடு மருந்தடியுங்கள். லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாட்கள் கழியாமல் அடுத்த எடுப்பில் கைவைக்காதீர்கள்.

மண்ணில் கவனிக்கவேண்டிய இடம், மருந்து கலக்கித் தெளிப்பான் கழுவும் மூலை. அங்கே இரண்டடிப் பள்ளம் வெட்டுங்கள். அடியில் களிமண்ணை மெத்தி, மேலே இரண்டு பங்கு வைக்கோல், ஒரு பங்கு மட்கிய உரம், ஒரு பங்கு மேல்மண் கலந்து நிரப்பி, புல் வளர விடுங்கள். கழுவிய நீர் அதில் விழட்டும். வைக்கோலில் வளரும் பூஞ்சையும் மண் பாக்டீரியாவும் மெல்ல மெல்ல மருந்தைச் சிதைத்துவிடும். ஸ்வீடனில் 1993-ல் தொடங்கிய முறை இது. ஆனால் இடுக்கி மழைக்கு மேலே ஒரு கூரை கட்டாயம். இல்லாவிட்டால் எல்லாம் வழிந்து ஓடையில் சேரும்.

எதற்கும் முன் மண்ணில் என்ன மருந்து இருக்கிறது என்று பாருங்கள். திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் எச்சப் பரிசோதனைக் கூடத்தை அணுகலாம். மாதிரி எடுக்கும் முறையைப் பாம்பாடும்பாறை ஏல ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். கழுவும் மூலையின் மண்ணையும் தோட்டத்து மண்ணையும் தனித்தனிப் பைகளில் அனுப்புங்கள்.